நெருப்புப்பெட்டிப் பெண்களும் எமது அக்காமாரும்

பியோர்ண்டால் என்றால் கரடிப் பள்ளத்தாக்கு. ஒஸ்லோ நகரத்தின் தென்கோடியில், காட்டை ஒட்டி, 1980களில் எழுந்த தொடர்மாடிகளும் வரிசை வீடுகளும் கொண்ட குடியிருப்பு இது. எம்மில் பலர் இங்கு வந்து சேர்ந்தபோது பெயரின் பொருளை அறிந்திருக்கவில்லை. வாடகை எவ்வளவு, பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, பிள்ளைக்குப் பாடசாலை எவ்வளவு தூரம் என்பவைதான் எமக்குத் தெரிய வேண்டியிருந்தன. ஊரில் ஒரு குளத்தின் பெயருக்கும் ஒரு ஒழுங்கையின் பெயருக்கும் கதை சொல்லத் தெரிந்த நாம், இங்கு வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த இடத்தின் பெயரை வெறும் தபால் முகவரியாகவே எழுதிக்கொண்டிருந்தோம்.

அருகிலுள்ள பெயர்களைச் சற்று உடைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஸ்தேன்ப்ரோத்தன், சேத்தர்ப்ரோத்தன் என இரண்டு பெயர்கள். எமது பிள்ளைகள் படித்த பாடசாலைகளின் பெயர்களும் இவைதான். 'ப்ரோத்தே' என்பது காட்டை வெட்டி எரித்துத் திருத்திய நிலம். வன்னியில் சேனை என்போமே, அதுவேதான். 'ஸ்தேன்' என்பது கல். 'சேத்தர்' என்பது கோடைகாலத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்த் தங்கும் மேய்ச்சல் இடம். நோர்வேயின் நாட்டுப்புறங்களில் அந்த மேய்ச்சல் குடில்களில் தங்கி, பால் கறந்து, வெண்ணெயும் சீஸும் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஊர்ப் பெயருக்குள் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. ஆனால் அவர்களில் ஒருத்தியின் பெயரையேனும் எந்த ஊர்ப் பெயரும் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரை அப்படிப் பெயர் இல்லாமற் போனவர்களையும், பெயரோடு நிலைத்த சிலரையும் பற்றியது. ஒஸ்லோ நகரத்தை உருவாக்கிய பெண்களைப் பற்றி நோர்வேஜியர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நாம் அதைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. பியோர்ண்டாலில் இருந்து பார்க்கும்போது அந்த வரலாறு எமக்கு என்ன சொல்கிறது என்பதையே இங்கு கேட்க விரும்புகிறோம்.

*

பியோர்ண்டாலில் பஸ் ஏறி மோர்ட்டன்ஸ்ருட்டில் இறங்கி நிலக்கீழ் ரயில் பிடித்து நகரத்துக்குப் போவது எமக்குப் பழக்கமான பயணம். மோர்ட்டன்ஸ்ருட் வரை ரயில் வந்தது 1997இல். அதற்கு முன்பு முழுத்தூரமும் பஸ்தான். விடியற்காலை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் அந்த வண்டிகளில் ஏறிய எமது பெண்களை நினைத்துப் பாருங்கள். தலையில் குல்லா, தோளில் ஒரு பை, அதற்குள் சோற்றுப்பெட்டி. கந்தோர்கள் திறப்பதற்கு முன்பு நிலம் துடைத்து முடித்துவிட வேண்டும். பாதித் தூக்கத்தில் அவர்கள் கடந்துபோன நிலையங்களில் இரண்டு, ப்ரின்செங்கும் ஹெல்ஸ்பீரும்.

அந்த இரண்டு நிலையங்களைச் சுற்றியுள்ள நிலத்தில்தான் 1889ஆம் ஆண்டு ஒக்டோபரில் நோர்வேயின் பெண் தொழிலாளர் வரலாறு தொடங்கியது எனலாம். ப்ரின் என்ற இடத்தில் ஒரு நெருப்புப்பெட்டித் தொழிற்சாலை, குரொன்வோல்ட் என்ற இடத்தில் இன்னொன்று. வேலை செய்தவர்கள் அநேகமாகப் பெண்கள், அவர்களிலும் பலர் இளம் பெண்கள். குச்சிகளுக்கு மருந்து பூசுவதற்கு வெள்ளைப் பொசுபரசு பாவிக்கப்பட்டது. அதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்குப் பற்கள் ஆட்டம் காணும், ஈறு சீழ் பிடிக்கும், கடைசியில் தாடை எலும்பே உக்கிப்போகும். கூலியோ பெட்டிக் கணக்கில். வேலைநேரம் நீண்டது. சிறு பிழைக்கும் தண்டம்.

முதலில் ப்ரின் தொழிற்சாலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். குரொன்வோல்ட் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். அப்போது கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட இந்நகரத்தின் தெருக்களில் அவர்கள் ஊர்வலம் போனார்கள். ஏழைப் பெண்கள் கூட்டமாகத் தெருவில் நடந்து தமது கூலியைப் பற்றிப் பேசியதை நகரம் அதுவரை கண்டதில்லை. எழுத்தாளர் பியோர்ன்ஸ்தியர்ன பியோர்ன்சன் அவர்களுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார். மருத்துவர் ஒஸ்கார் நிஸ்ஸனும், பின்பு அவரை மணந்து பெர்னாண்டா நிஸ்ஸன் என்று அறியப்பட்ட பெண்மணியும் பணம் சேர்ப்பதிலும் சங்கம் கட்டுவதிலும் பக்கத்தில் நின்றார்கள்.

இது தனித்து நடந்த ஒன்றல்ல. முதல் ஆண்டு, 1888 ஜூலையில், லண்டனில் பிரையன்ட் அன்ட் மே தொழிற்சாலையின் நெருப்புப்பெட்டிப் பெண்கள் ஏறக்குறைய 1400 பேர் வேலைநிறுத்தம் செய்து வென்றிருந்தார்கள். கிறிஸ்தியானியாப் பெண்கள் அப்படி வெல்லவில்லை. வாரக்கணக்கில் தாக்குப்பிடித்து, குளிர் இறுகிய நாட்களில், கைக்கு அதிகம் கிடைக்காமலே வேலைக்குத் திரும்பினார்கள். ஆயினும் அவர்கள் அமைத்த சங்கம் நோர்வேயின் முதலாவது பெண் தொழிற்சங்கம் என்று பதிவாகியிருக்கிறது. வெள்ளைப் பொசுபரசைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 1906இல் பேர்ன் நகரில் எழுதப்பட்டது.

இன்று ஹெல்ஸ்பீரில் இறங்கினால் அந்த இடத்தின் பெயர்ப்பலகையில் 'பீர்ஸ்திக்' என்ற சொல்லைக் காணலாம். நெருப்புக்குச்சிச் சதுக்கம், நெருப்புக்குச்சிச் சாலை. பலகை தொழிற்சாலையின் பொருளை நினைவு வைத்திருக்கிறது. அங்கு உயர்ந்து நிற்கும் கந்தோர்க் கட்டிடங்களின் நிலத்தை எம்மவர் பலர் துடைத்திருக்கிறார்கள். தாடை உக்கிய பெண்கள் நடந்த அதே நிலத்தில், நூறு ஆண்டுகளுக்குப் பின், முழங்கால் வலியோடு நடந்தவர்கள் நாம். இதை யாரும் எமக்குச் சொல்லித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.

*

நகரத்தின் நடுவே ஓடும் ஆக்கர்ஸ்எல்வா ஆறு இன்னொரு பாடம். இன்று அதன் கரையில் உணவகங்களும் கல்லூரிகளும் ஓவியக் கூடங்களும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆற்றின் நீர்வீழ்ச்சிகளை நம்பி நூற்பு ஆலைகளும் நெசவு ஆலைகளும் எழுந்தன. நீடாலன் ஆலை 1845இல், ஹ்யூலா நெசவாலை 1855இல், பாய்மரத் துணி ஆலை 1856இல். கிராமங்களில் இருந்து வேலை தேடி வந்த பெண்கள் இந்த ஆலைகளை நிரப்பினார்கள். நகரத்தின் கிழக்குப் பக்கம் தொழிலாளர் பக்கமாகவும் மேற்குப் பக்கம் கனவான்கள் பக்கமாகவும் பிரிந்தது இந்த ஆற்றை எல்லையாகக் கொண்டுதான். அந்தப் பிரிவு இன்றைக்கும் முற்றாக அழியவில்லை. நாம் ஏன் கிழக்கிலும் தெற்கிலும் குடியிருக்கிறோம், மேற்கில் ஏன் அரிதாக இருக்கிறோம் என்பதற்கு எமது வருமானம் மட்டுமல்ல, இந்தப் பழைய கோடும் காரணம்.

ஆலைப் பெண்களின் வாழ்வை ஒஸ்கார் ப்ரோத்தன் என்ற எழுத்தாளர் நாடகமாகவும் கதையாகவும் எழுதினார். அவருடைய தாயும் ஆலைத் தொழிலாளி. தகப்பன் பெயர் சொல்லாத பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளை வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடும் தாய்மார், ஒருத்தியின் துன்பத்தை முழுக் கட்டிடமும் பகிர்ந்துகொள்ளும் முற்றம். இவற்றை வாசிக்கும்போது கொழும்பின் வரிசைக் குடியிருப்புகளும் நினைவுக்கு வரும், எமது தொடர்மாடிப் படிக்கட்டுகளும் நினைவுக்கு வரும்.

ஆற்றின் பையர் பாலத்தில் எலன் யாக்கொப்சன் என்ற சிற்பி வார்த்த 'தொழிற்சாலைப் பெண்கள்' சிலை 1986இல் வைக்கப்பட்டது. அதில் யாருடைய பெயரும் இல்லை. அரண்மனைப் பூங்காவிலோ கமிலா கொலெட்டின் சிலை 1911 முதல் நிற்கிறது. குஸ்தாவ் வீகலாண்ட் செய்தது. சால்வையை இறுகப் போர்த்தி, எதிர்க்காற்றைத் தாங்கி நிற்கும் முதிய பெண். அவருக்குப் பெயர் உண்டு. ஒரே நகரத்தில் இரண்டு வகையான நினைவுகள். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை நாம் கவனிக்க வேண்டும்.

*

பெயர் உள்ளவர்களைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கம் அல்ல. அவர்கள் பட்ட பாடும் பெரிது.

கமிலா கொலெட் 1854, 1855ஆம் ஆண்டுகளில் தமது நாவலை வெளியிட்டபோது அதில் தமது பெயரைப் போடவில்லை. மாவட்ட அதிகாரியின் புத்திரிகள் பற்றிய கதை அது. பெண்ணின் மனதைக் கேளாமல் குடும்ப மரியாதைக்காக நடக்கும் கலியாணங்களைப் பற்றி அது பேசியது. நோர்வேயின் தேசியக் கவிஞர் ஹென்றிக் வெர்கலாண்டின் சகோதரி அவர். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணே பெயரை மறைத்து எழுத வேண்டியிருந்தது. படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லி, விமானம் ஏறி, விமான நிலையத்தில் முதற் தடவையாகக் கணவனைக் கண்ட எமது பெண்களுக்கு இந்த நாவலின் விடயம் அந்நியமானதல்ல.

1882இல் செசீலியெ தூரசன் என்ற பெண் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை எழுதுவதற்காகவே சட்டம் மாற்றப்பட்டது. அவரே நோர்வேயின் முதல் பெண் மாணவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1912இல், விலங்கியலாளர் கிறிஸ்தினா பொன்னவி முதல் பெண் பேராசிரியர் ஆனார்.

1884இல் ஜீனா குறோக்கின் முன்முயற்சியில் நோர்வேஜியப் பெண்ணுரிமைச் சங்கம் உருவானது. 1887 முதல் தாம் இறக்கும் வரை அவர் 'நீலெண்டெ' என்ற சஞ்சிகையை நடத்தினார். புதிய நிலம் என்பது அதன் பொருள். சஞ்சிகை நடத்துவது என்றால் என்னவென்று எமக்குத் தெரியும். சந்தாப் பணத்துக்காக நண்பர்களைத் தொலைபேசியில் தொல்லைப்படுத்துவதும், அச்சகக் கடனும், ஒரு இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையில் நீளும் மௌனமும். குறோக் சுமார் முப்பது ஆண்டுகள் விடாமல் அதைச் செய்தார். 1916இல் இறந்தபோது அரச செலவில் அடக்கம் செய்யப்பட்ட முதல் நோர்வேஜியப் பெண் அவர்.

வாக்குரிமையின் வரலாற்றை எமது பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். 1913 ஜூன் 11 என்ற ஒரே நாளாக அது சுருங்கிவிடுகிறது. உண்மையில் அது படிப்படியாக வந்தது. 1901இல் உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு பகுதிப் பெண்களுக்கு மட்டும் வாக்கு. நகரத்தில் ஆண்டுக்கு 400 குரோனர் வருமானத்துக்குத் தாமோ கணவரோ வரி கட்டியிருக்க வேண்டும். ஆலைப் பெண்களிலும் வீட்டு வேலைக்காரிகளிலும் இந்தக் கோட்டைத் தாண்டாதவர்கள் பலர். 1907இல் பாராளுமன்றத் தேர்தலுக்கும் அதே மாதிரி. 1910இல் உள்ளூராட்சியில் எல்லாப் பெண்களுக்கும். 1913இல் முழுமையாக. அப்போதும் முழுமை என்று சொல்ல முடியாது. ஏழைகளுக்கான உதவிப்பணம் பெற்றவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், 1919 வரை வாக்களிக்க முடியவில்லை. 'சோசியலில்' இருந்ததைச் சொல்லக் கூசும் எம்மவர் இந்த வரியை ஒரு தடவை நிதானமாக வாசிக்க வேண்டும்.

இடையில் 1905 வருகிறது. சுவீடனுடனான ஒன்றியத்தைக் கலைப்பது பற்றி ஓகஸ்ட் 13ஆம் திகதி மக்கள் வாக்கெடுப்பு. மக்கள் என்றால் ஆண்கள் மட்டும். கலைக்கலாம் என்று 3,68,208 பேர், கலைக்க வேண்டாம் என்று 184 பேர். பெண்கள் எங்களையும் கேளுங்கள் என்று விண்ணப்பித்தார்கள், மறுக்கப்பட்டது. அவர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. நாடு முழுவதும் பட்டியல்களை அனுப்பி, சில வாரங்களுக்குள் 2,40,000க்கும் அதிகமான பெண்களின் கையொப்பங்களைச் சேர்த்துப் பாராளுமன்றத்துக்குக் கொடுத்தார்கள். பிரெத்ரிக்கெ மாரீ க்வாம் என்பவர் தலைமை தாங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் செய்த வேலை அது. ஒரு தேசத்தின் விடுதலை பற்றிய கேள்வியில் பெண்களைக் கேட்காமல் விட்டதும், கேட்காமலே அவர்கள் தமது பதிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் எமக்கு எத்தனையோ நினைவுகளைக் கிளறுகின்றன. எமது அரசியலிலும் பெண்கள் ஊர்வலத்துக்கு அழைக்கப்பட்டார்கள், சமையலுக்கு அழைக்கப்பட்டார்கள், களத்துக்கும் அழைக்கப்பட்டார்கள். முடிவு எடுக்கும் அறைக்கு எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள்?

*

எமது பெண்கள் இந்த நகரத்தில் முதலில் தனியாகப் போய்ப் பழகிய இடங்களில் ஒன்று, குழந்தையை நிறுக்கும் சுகாதார நிலையம். மொழி தெரியாது. ஆனாலும் குழந்தையின் நிறைக்கோடு அட்டையில் மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்க்க மொழி தேவைப்படவில்லை. அங்கிருந்த தாதி கையைப் பிடித்து ஏதோ சொல்லுவாள், இவர்கள் தலையாட்டுவார்கள். தாயைத் தனி ஆளாக மதித்து ஒரு அரச நிறுவனம் பேசியதை அவர்களில் பலர் அங்குதான் முதலில் கண்டார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நிற்கும் பெண்களில் முக்கியமானவர் காத்தி அங்கர் மொல்லர். 1868இல் பிறந்து 1945இல் மறைந்தவர். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் பெயரும் சொத்துரிமையும் வேண்டும் என்று அவர் வாதாடினார். அவருடைய சகோதரியின் கணவரான அரசியல்வாதி யோஹான் காஸ்ட்பெர்க் அதைச் சட்டமாக்கினார், 1915இல். அதே ஆண்டில் மொல்லர் தாய்மையின் விடுதலை பற்றிக் கிறிஸ்தியானியாவில் ஆற்றிய உரை பெரும் புயலை எழுப்பியது. கருக்கலைப்புச் செய்த பெண்ணைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை நீக்கும்படி அவர் கேட்டார். தமது உடலுக்குப் பெண்ணே எசமானி என்றார். உரிமைச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள் பலருக்கே அது அதிகமாகப் பட்டது. 1924இல் ஒஸ்லோவில் தாய்மார் ஆலோசனை நிலையத்தைத் திறந்து, கர்ப்பத் தடை பற்றி வெளிப்படையாகப் பேச வழிசெய்தார். தொழிலாளர் பெண்கள் அவருக்கு ஆதரவாக நின்றார்கள், தேவை அவர்களுக்கே அதிகம் இருந்தது. அவர் கேட்டது சட்டமாக 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறுபத்து மூன்று ஆண்டுகள்.

பிரசவ விடுப்பின் கதையும் இப்படித்தான். 1892இல் ஆலைப் பெண்கள் பிள்ளை பெற்றபின் ஆறு வாரம் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. சம்பளம் இல்லை. பட்டினிக்கு ஒரு சட்டம் என்று அதைச் சொல்லலாம். 1909இல்தான் அந்த ஆறு வாரத்துக்கு நோய்க் காப்புறுதியில் இருந்து பணம் கிடைத்தது. இன்று பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு முழுச் சம்பளத்தோடு 49 வாரங்கள். 1993 முதல் தகப்பனுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எமது இளைஞர்கள் பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டு பியோர்ண்டால் கடைத்தெருவில் போகும்போது, நோர்வே நல்ல நாடு என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். நாடு தானாக நல்லதாகவில்லை. யாரோ சில பெண்கள் ஏச்சு வாங்கி, தோற்று, திரும்ப எழுந்து, ஆறு வாரத்தை 49 வாரமாக நீட்டியிருக்கிறார்கள்.

*

இதையெல்லாம் வாசித்துவிட்டு, வெள்ளைக்காரப் பெண்கள் முன்னேறினார்கள், எமது பெண்கள் அடுப்படியில் இருந்தார்கள் என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. அது பிழையான கணக்கு.

உடுவில் பெண்கள் பாடசாலை 1824இல் அமெரிக்க மிசனரிகளால் தொடங்கப்பட்டது. செசீலியெ தூரசன் பரீட்சை எழுதுவதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணப் பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். மதமாற்றமும் சீதனக் கணக்கும் அந்தக் கல்வியோடு கலந்திருந்தன என்பது வேறு விடயம். 1920களில் மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ்மகள்' என்ற சஞ்சிகையை நடத்தினார். இலங்கைப் பெண்கள் 1927இல் வாக்குரிமைச் சங்கம் அமைத்தார்கள், 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1932இல் நேசம் சரவணமுத்து வட கொழும்பில் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்தார். கனடாவில் பிறந்து தமிழரை மணந்த மருத்துவர் மேரி ரட்ணம் 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண். தாய்மார் சுகாதாரத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அவர் உழைத்ததைப் பார்த்தால் காத்தி அங்கர் மொல்லரின் உடன்பிறவாச் சகோதரி என்றே சொல்லத் தோன்றுகிறது. ஒஸ்லோவில் எமது மகள்மாருக்கு மொல்லரைத் தெரிகிறது, பாடப்புத்தகத்தில் இருக்கிறார். மேரி ரட்ணத்தை நாம் சொன்னோமா? நேசம் சரவணமுத்துவை?

மறுபக்கத்தையும் மறைக்க வேண்டாம். நோர்வேயில் 1888இல் மணமான பெண் சட்டத்தின் முன் வயதுவந்த ஆள் ஆனாள், தன் உழைப்பின் பணத்தைத் தானே ஆளும் உரிமை பெற்றாள். குடும்பச் சொத்து கணவனின் கையில்தான் இருந்தது, 1927 வரை. எமது தேசவழமை, 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதித்தது, பெண்ணுக்குச் சீதனச் சொத்தைக் கொடுத்தது. அந்த வகையில் அது பல ஐரோப்பியச் சட்டங்களுக்கு முன்னால் நின்றது. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தனது காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதை உறுதிசெய்தது. கணவன் மறுத்தால் நீதிமன்றம் போக வேண்டும்.

இது ஏட்டுச் சட்டம் அல்ல. எமக்குத் தெரிந்த ஒரு அக்கா, கணவனைப் பிரிந்து பல ஆண்டுகள் தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர், இங்கே வங்கிக் கடன் எடுத்து வீடு வாங்கினார். யாரும் அவரிடம் கணவனின் கையெழுத்துக் கேட்கவில்லை. ஊரில் தாய் எழுதிக் கொடுத்த நாலு பரப்புக் காணியை விற்கப் போனபோது, சட்டப்படி விவாகரத்து முடியாதபடியால், பேச்சுவார்த்தையே அற்றுப்போன மனிதரின் கையெழுத்தைத் தேடி அலைய நேர்ந்தது. ஒரே பெண், ஒரே பேனா. ஒரு நாட்டில் அவர் முழு ஆள், மற்ற நாட்டில் அரை ஆள். முன்னோடிப் பெண்களின் வரலாறு முடிந்துபோன கதை என்று நினைப்பவர்கள் அவரோடு பேசிப் பார்க்கட்டும்.

*

இனி எமது சொந்த முன்னோடிகளுக்கு வருவோம்.

நோர்வேத் தமிழரின் கதையை நாம் சொல்லும்போது 1956இல் வந்த அன்ரனி இராஜேந்திரத்தில் தொடங்குவோம். அது சரியே. அவருடைய முயற்சியில் காரைநகரில் சீ-நோர் எழுந்தது, அவரைப் பின்பற்றிப் பலர் வந்தார்கள். பிறகு நாட்டார் உயர்கல்லூரிகளுக்கு வந்த இளைஞர்கள், 1983க்குப் பின் அகதிகள், வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகள், அங்கிருந்து ஒஸ்லோவை நோக்கிய நகர்வு. இந்தக் கதையில் பெண் எப்போது வருகிறாள்? "பிறகு மனைவிமார் வந்து சேர்ந்தார்கள்" என்ற ஒரு வரியில். வந்து சேர்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது சொல்லப்படுவதில்லை.

அவர்கள் செய்ததை நாம் பார்த்திருக்கிறோம். மீன் தொழிற்சாலையில் உறைந்த விரல்களோடு முள் எடுத்தார்கள். ஒஸ்லோவில் பாடசாலைகளையும் கந்தோர்களையும் வைத்தியசாலைகளையும் துடைத்தார்கள். முதியோர் இல்லங்களில் நோர்வேஜியக் கிழவிகளைக் குளிப்பாட்டி, தலை வாரி, சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். வேலை முடிந்து வந்து, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்கினார்கள். அந்த வகுப்புகளில் கற்பித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், நிர்வாகக் கூட்டங்களில் முன்வரிசையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஒரு சாவீடு என்றால் சோறு போய்ச் சேர்வது அவர்களால். கணவனிடம் அடிவாங்கிய பெண்ணை இரவோடு இரவாகத் தம் வீட்டில் படுக்க வைத்து, மறுநாள் யாருக்கும் சொல்லாமல் அடைக்கலம் தேடிக் கொடுத்ததும் அவர்கள்தான். அப்படிச் செய்ததற்காக 'குடும்பம் பிரிக்கிறவள்' என்ற பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். ஏச்சு வாங்கிய பெயர் மட்டும் எமது சமூகத்தில் நன்றாக நினைவில் நிற்கிறது.

வாக்கும் அவர்களுக்கு முன்னமே கிடைத்தது. 1983 முதல் நோர்வேயில் மூன்று ஆண்டு வாழ்ந்த வெளிநாட்டவர் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். குடியுரிமை கிடைக்குமுன்பே நகர சபைக்கு வாக்களித்த தமிழ்ப் பெண்கள் உண்டு. அந்த நகர சபைக்கும் ஒரு பெண் வரலாறு இருக்கிறது. 1971இல் வாக்காளர்கள் கட்சிப் பட்டியல்களில் ஆண்களின் பெயர்களை வெட்டிப் பெண்களை மேலே கொண்டுவந்தார்கள். ஒஸ்லோ, துரொன்ஹைம், ஆஸ்கர் ஆகிய மூன்று இடங்களில் பெண்கள் பெரும்பான்மை ஆனார்கள். பத்திரிகைகள் அதைப் 'பெண்களின் சதி' என்றன. ஆண்கள் பெரும்பான்மையாக இருந்த காலத்தில் யாரும் அதைச் சதி என்று அழைத்ததில்லை. 1992இல் ஆன்-மாரிட் சேபொனஸ் நகரத்தின் முதல் பெண் மேயர் ஆனார். 2015இல், யாழ்ப்பாணத்தில் 1988இல் பிறந்து மூன்று வயதில் இங்கு வந்த ஹம்சாயினி குணரட்ணம் துணை மேயர் ஆனார். 2021இல் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார்.

அந்த நாளில் எம்மவர் எல்லோரும் பெருமைப்பட்டோம். எமது பிள்ளை என்றோம். பெருமை நியாயமானது. ஆனால் நெருப்புப்பெட்டிப் பெண்கள் இல்லாமல் 1913 இல்லை. அதுபோல விடியற்காலை வண்டியில் போன பெண்கள் இல்லாமல் 2015உம் இல்லை. முதலாவதை நோர்வேஜியர்கள் எழுதி வைத்துவிட்டார்கள், காலம் தாழ்த்தியாவது சிலையும் வைத்தார்கள். இரண்டாவதை எழுத வேண்டியவர்கள் நாம்.

எழுதுவதற்குக் காலம் அதிகம் இல்லை. இருபத்தைந்து வயதில் வந்தவர்கள் ஓய்வூதிய வயதுக்கு வந்துவிட்டார்கள். சிலர் போய்விட்டார்கள். அவர்களுடைய மரண அறிவித்தல்களில் இன்னாரின் பாசமிகு மனைவி, இன்னாரின் அன்புத் தாயார், இன்னாரின் மாமியார் என்று அரைப்பக்கம் இருக்கும். எத்தனை ஆண்டு எங்கே வேலை செய்தார், எத்தனை பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்கினார் என்று ஒரு வரிகூட இருக்காது.

ஆகவே இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம் நாம் கேட்பது சிறிய காரியம். உங்கள் தாயிடம், மாமியிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு மாலை நேரம் உட்காருங்கள். முதல் வேலை எது, எந்த ஆண்டு, எந்தக் கட்டிடம், சம்பளம் எவ்வளவு, யார் கூட வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். "என்ரை கதையிலை என்ன இருக்கு" என்றுதான் முதலில் சொல்லுவார்கள். தேநீர் ஆறும் வரை பொறுத்திருந்து திரும்பவும் கேளுங்கள். அவர்களுடைய சம்மதத்தோடு, அவர்களுடைய சொந்தப் பெயரில், எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சிட்டைகளையும் வேலையிட அட்டைகளையும் படங்களையும் வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள்.

கரடிப் பள்ளத்தாக்கில் இப்போது கரடி இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. எமது பெண்கள் விடயத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. அவர்கள் இன்னும் இங்கே, அடுத்த படிக்கட்டில், மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். நாம் எழுதாமல் இருப்பது அவர்களுடைய பெயர்களைத்தான்.